புலி நீந்துமா, மயில் பறக்குமா?

நம்முடைய ஆரம்பப் பள்ளிகளில் ஆறு ஏழு வயதுக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் எவ்விதம் தொடங்கி வைக்கப்படுகிறது என்பதைச் சற்று நின்று கவனிப்பவர்கள், சுவரில் மாட்டிய படத்தை ஆசிரியை கோலால் சுட்டிக்காட்ட, அதில் வரைந்திருக்கும் மிருகங்களை வரிசை தவறாமல் 'லயன், டைகர், எலிஃபண்ட், ஜிராஃப்' என்று குழந்தைகள் ஒரே குரலில் ராகம் போட்டுச் சொல்லி முடிப்பதையும், அத்துடன் அன்றைய பாடம் நிறைவேறிவிட்டதாக எல்லாரும் திருப்தியடைவதையும் காண்பார்கள். பெயர்களைக் கற்பிப்பதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் பெயர்களின் வரிசை எவ்வளவு நீண்டாலும் அது ஒரு வாக்கியம் ஆவதில்லை. இருபது மிருகங்களின் பெயரை ஆங்கிலத்தில் அறிந்த ஒரு குழந்தை, அவற்றுள் ஒன்றைப் பற்றியேனும் ஒரு விஷயத்தை அந்தப் பாஷையில் சொல்லத் தெரியாமல் இரண்டாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் கடந்து போவது நம் ஊர்களில் அரிதன்று.

இதற்கு என் அபிப்பிராயத்தில் நல்லதோர் உபாயம் உண்டு. குழந்தை ஆங்கிலத்தில் சொந்தமாகச் சொல்லும் முதல் வாக்கியம், ஒரு காட்டு விலங்கினால் எது முடியும், எது முடியாது என்பதைப் பற்றியதாக இருக்கட்டும். அந்த வாக்கியம் இலக்கணப்படி சரியா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், அது உண்மையா என்றும் வகுப்பு முழுவதும் சேர்ந்து விசாரிக்கட்டும். இந்த இரண்டாவது விசாரணைதான் முக்கியமானது. அது இல்லாவிட்டால், மிருகங்களை வைத்துக் கற்பித்தாலும் மேசை நாற்காலிகளை வைத்துக் கற்பித்தாலும் பலன் ஒன்றுதான்.

முதலில் வினையைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் திறனைக் குறிக்கும் 'கேன்' என்னும் துணைவினை பார்வைக்கு மிகச் சிறியது. ஆயினும் புதிதாகக் கற்கும் குழந்தைக்கு அது செய்யும் உபகாரத்தை வேறு எந்த வினையும் செய்வதில்லை. சாதாரண நிகழ்காலத்தில், தன்னைப் பற்றிச் சொல்லும்போது 'ரன்' என்ற குழந்தை, புலியைப் பற்றிச் சொல்லும்போது அதை 'ரன்ஸ்' என்று மாற்றவேண்டும். கேள்வி கேட்க முற்பட்டாலோ 'டஸ்' என்று புதிய சொல்லொன்று முன்னே வந்து நிற்க, அது வந்த மாத்திரத்தில் வினையின் கடைசியில் இருந்த 'ஸ்' மறைந்துபோகவேண்டும். மறுத்துச் சொல்வதற்கும் இதே சிரமம் மறுபடியும். 'கேன்' இப்படியெல்லாம் வேஷம் மாறுவதில்லை. நான், நீ, அது, அவை எல்லாவற்றுக்கும் அது ஒரே வடிவத்தில் நிற்கிறது. வாக்கியத்தின் முன்னால் கொண்டுவந்து வைத்தால் கேள்வி. 'நாட்' என்பதைச் சேர்த்தால் மறுப்பு. 'எஸ், இட் கேன்', 'நோ, இட் கேனாட்' என்றால் விடை. ஆகவே இந்த ஒரு சொல்லைக் கைவசப்படுத்திக்கொண்ட குழந்தையால் கேட்கவும் சொல்லவும் மறுக்கவும் முடிகிறது. அதாவது, சம்பாஷணை என்பது எவ்வளவு தூரம் போகக்கூடுமோ அவ்வளவு தூரத்துக்கும் வாசல் திறந்துவிடுகிறது. 'டஸ்' பிறகு வரட்டும், அவசரமில்லை.

தமிழ்க் குழந்தைக்கு இந்த இடத்தில் விசேஷமான ஒரு தடை உண்டு என்பதையும், அது குழந்தையின் மந்த புத்தியால் விளைவதன்று என்பதையும் ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். மீன் நீந்தும், குரங்கு தாவும், பருந்து பறக்கும் என்று நாம் சொல்லும்போது, வினைமுற்றின் இறுதியில் உள்ள 'உம்' என்பதே அந்தப் பிராணியின் சுபாவத்தையும் வழக்கத்தையும் ஆற்றலையும் ஒருங்கே தாங்கிக்கொள்கிறது. அதற்குமேல் 'முடியும்' என்று தனியே ஒரு சொல் தேவைப்படுவதில்லை. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வருகிற குழந்தை, 'ஃபிஷ் ஸ்விம்' என்று சொல்லி நிறுத்திவிடுவதும், திருத்தியபிறகு 'ஃபிஷ் கேன் ஸ்விம்ஸ்' என்றோ 'கேன் டு ஸ்விம்' என்றோ தடுமாறுவதும் இயற்கையே. அதட்டினால் இது நீங்காது. பிழையற்ற வாக்கியத்தைப் பலமுறை காதால் கேட்டும், அதைத் தானே சொல்லவேண்டிய அவசியம் பலமுறை நேர்ந்தும்தான் நீங்கும். இன்னொரு சிறு விஷயம். மறுப்பைச் சொல்லும்போது, 'கேன்ட்' என்று குறுக்காமல் 'கேனாட்' என்று முழுமையாகவே ஆசிரியர் சொல்லவேண்டும். குறுக்கிச் சொன்னால் கடைசி ஒலி வகுப்பின் இரைச்சலில் கரைந்துவிடுகிறது. முடியும் என்றாரா, முடியாது என்றாரா என்று பின்வரிசைக் குழந்தைக்கு விளங்குவதில்லை.

இனி, மிருகங்கள் எதற்கு என்ற கேள்வி. சென்னை ராஜ்யத்தில் 1950களின் இறுதியில், ஆரம்ப வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் பயிற்சி அளிக்கும் பெருமுயற்சி ஒன்று தொடங்கப்பட்டது. சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்களைக் கொண்டு மேலும் பலருக்குப் பயிற்சி தருவதாக அமைந்த அந்தத் திட்டத்தின் அடிப்படை, வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக வரிசைப்படுத்தித் திரும்பத் திரும்பப் பழக்குவதாகும். இது புத்தகம், அது நாற்காலி, நான் கதவருகே போகிறேன் என்று வகுப்பறையில் கண்ணுக்கு எதிரே இருப்பவற்றை வைத்து அமைந்த அந்தப் பாடங்கள் அந்நாளில் பெரிய முன்னேற்றமே. ஆனால் அந்த வாக்கியங்களில் ஒரு குறை இருந்தது. புத்தகம் புத்தகம்தான் என்பது சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். ஆகையால் அதைச் சொல்வதற்கு வகுப்புப் பயிற்சியைத் தவிர வேறு முகாந்தரம் கிடையாது.

இந்தக் குறையை உணர்ந்து மாற்று வழி தேடியவர்களுள் என். எஸ். பிரபு முக்கியமானவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் வேறு சில ஊர்களிலும் சாதாரணப் பள்ளிகளில் அவர் நடத்திப் பார்த்த சோதனை, உலகெங்கும் மொழி ஆசிரியர்களிடையே இன்றும் பேசப்படுகிறது. மாணவனுடைய மனம் ஒரு பொருளைப் பற்றி யோசித்து முடிவு காண்பதில் ஈடுபட்டிருக்கும்போது, அவனை அறியாமலேயே பாஷையின் அமைப்பு அவனுள் படிகிறது என்பதே அவருடைய சித்தாந்தம். ரயில் கால அட்டவணையையும் ஊர் வரைபடத்தையும் தந்து கணக்கிடச் சொன்னால் ஆங்கிலம் தானே வளரும் என்று அவர் செய்து பார்த்தார். ரயில் அட்டவணை எட்டாம் வகுப்புக்குப் பொருந்தும். ஆறு வயதுக் குழந்தைக்கு எது பொருந்தும்? புலிக்கு நீந்தத் தெரியுமா என்பது பொருந்தும். அதைப் பற்றி அந்த வயதில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு நேர்மாறான அபிப்பிராயம் இருப்பதும் சகஜம்.

அமெரிக்காவில் எரிக் கார்ல் 1997இல் வெளியிட்ட 'ஃப்ரம் ஹெட் டு டோ' என்னும் படப் புத்தகம் இந்த வினையைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குப் பல தேசங்களில் துணையாக இருந்து வருகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு விலங்கு தன் அவயவம் ஒன்றை அசைத்துக் காட்டி, உன்னால் இது ஆகுமா என்று குழந்தையைக் கேட்க, குழந்தை ஆகும் என்று செய்து காட்டுவதாக அமைந்தது அது. உடலை அசைத்தால் பாஷை நிலைக்கும் என்பதைக் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் ஆஷர் 1960களிலேயே ஒரு முறையாக வகுத்திருந்தார். நம் ஆசிரியைகளும் 'ஜம்ப்', 'ரன்' என்று குழந்தைகளை ஆடவைத்துக் கற்பிக்கிறார்கள், குழந்தைகள் சந்தோஷப்படுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அங்கே விடை எப்போதும் ஆகும் என்பதாகவே இருந்துவிடுகிறது. காட்டுக்குள் நாம் போவது அந்த விடையைத் தாண்டி வருவதற்காக.

புலியையே எடுத்துக்கொள்வோம். பூனைக்குத் தண்ணீர் ஆகாது என்பதை வீட்டில் கண்டறிந்த குழந்தை, புலிக்கும் ஆகாது என்று சொல்லும், அந்த அனுமானத்தில் தர்க்கம் இருக்கிறது, அதைப் பாராட்டவேண்டும். ஆனால் உண்மையில் புலி நன்றாக நீந்தக்கூடியது. வங்காளத்துச் சுந்தரவனத்தில் உப்பங்கழிகளைக் கடந்து தீவுக்குத் தீவு நீந்திப் போவது அங்குள்ள புலிகளின் அன்றாடக் காரியம். 'எ டைகர் கேன் ஸ்விம்' என்று இதற்குப் பிறகு சொல்லும் குழந்தை, வெறும் வாக்கியத்தைச் சொல்லவில்லை. தான் தவறாக நினைத்திருந்து, இப்போது அறிந்துகொண்ட ஒரு செய்தியைச் சொல்கிறது. அந்த வாக்கியம் வீட்டுக்குப் போகும். அம்மாவிடமும் தாத்தாவிடமும் சொல்லப்படும்.

யானையும் நீந்தும். அத்தனை பெரிய தேகத்தை நீருக்குள் அமிழ்த்தி, துதிக்கையை மாத்திரம் மேலே நீட்டி மூச்சுவிட்டுக்கொண்டு அது நெடுந்தூரம் நீந்தும். மரம் இழுப்பதற்காக அந்தமானுக்குக் கொண்டுபோகப்பட்ட யானைகள் கடலில் நீந்தித் தீவுகளைக் கடந்தன. ஆனால் யானையால் துள்ளிக் குதிக்க முடியாது. நான்கு கால்களும் ஒருசேர நிலத்தை விட்டு எழும்ப அதன் உடலமைப்பு இடம் தராது. எலும்பே இல்லாத துதிக்கையால் பெரிய மரத்துண்டையும் தூக்கும், கீழே கிடக்கும் ஒரு சிறு நாணயத்தையும் எடுக்கும். ஆயினும் பிறந்த கன்றுக்குத் தன் துதிக்கையை என்ன செய்வதென்று தெரியாது, மாதக்கணக்கில் பழகிய பிறகே அதனால் நீரை உறிஞ்சி வாயில் விட்டுக்கொள்ள முடிகிறது. அதுவரை வாயால்தான் நேரே குடிக்கும். இந்த ஒரு செய்தியை முதல் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். ஷூ கயிற்றைக் கட்டத் தெரியாமலும், பென்சிலைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமலும் தத்தளிக்கும் அந்த வயதுக்காரர்களுக்கு யானைக்கன்றின் மீது உண்டாகும் பிரியத்தைப் பார்க்கலாம். இன்று முடியாதது பின்னால் முடியும் என்னும் அர்த்தத்தை எந்த இலக்கண விளக்கமும் இவ்வளவு தெளிவாகத் தந்துவிடாது.

மயில் பறக்குமா என்று கேட்டால் நகரத்துக் குழந்தைகளில் அநேகர் பறக்காது என்கிறார்கள். அவர்கள் பார்த்த படங்களிலெல்லாம் அது தோகை விரித்து நிற்கிறது. விராலிமலைப் பக்கத்துக் குழந்தையைக் கேட்டால் சிரிக்கும். மாலையில் மயில் பறந்து மரத்தில் போய் அடைவதை அது தினந்தோறும் பார்க்கிறது. பறக்கும் அணில் என்று நாம் அழைக்கும் பிராணி மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. அதனால் பறக்க முடியாது. முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடையே உள்ள தோலை விரித்து, உயரமான மரத்திலிருந்து தாழ்ந்த மரத்துக்குக் காற்றில் வழுக்கிச் செல்லும், அவ்வளவே. வௌவாலோ பாலூட்டியாக இருந்தும் உண்மையாகவே சிறகடித்துப் பறக்கிறது. ஆந்தையால் கண்விழியைச் சுழற்ற முடியாது. அதனால்தான் தலையையே 270 பாகை வரையில் திருப்புகிறது. முதலையால் நாக்கை வெளியே நீட்ட முடியாது. எறும்புதின்னிக்குப் பற்கள் இல்லை, கடிக்க முடியாது. ஆபத்து வந்தால் செதில்களுக்குள் உருண்டையாகச் சுருண்டுகொள்ள முடியும். பாம்பால் கண்ணை இமைக்க முடியாது. சிங்கமும் புலியும் கர்ஜிக்கும். 2022இல் ஆப்பிரிக்காவிலிருந்து கூனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட சிவிங்கிப்புலியோ எவ்வளவு வேகமாக ஓடினாலும் கர்ஜிக்க இயலாதது. தேவாங்கு இருட்டில் பார்க்கும், கிளையோடு கிளையாக மெதுவாக ஊர்ந்து செல்லும், ஆனால் குரங்கைப்போலத் தாவாது. அதற்கென்றே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களைச் சேர்ந்த கடவூர்க் காட்டில் 2022இல் ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நம் மாநில விலங்காகிய வரையாடு, மனிதன் நின்று பார்க்கவே தலைசுற்றும் செங்குத்துப் பாறையில் நிதானமாக ஏறி இறங்கும். வரையாட்டின் பெயரையோ தேவாங்கின் பெயரையோ ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாவிட்டால் தமிழ்ப் பெயரையே வாக்கியத்தில் வைத்துக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை. 'வரையாடு கேன் க்ளைம்ப்' என்பது நல்ல ஆங்கிலம்தான். கற்பிக்க வந்தது வினையைத்தானே.

ஒட்டகச்சிவிங்கியையும் கங்காருவையும் பனிக்கரடியையும் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. உலகம் பெரிது என்பதைக் குழந்தை அறியட்டும். ஆயினும் தன் மாவட்டத்துக் காட்டில் உள்ள ஒரு ஜீவனைக்கூடப் பார்த்திராத, அதன் பெயரையும் கேட்டிராத குழந்தை, ஆங்கிலப் பாடத்தின் வாயிலாகத் தென்துருவத்துப் பென்குவினோடு மட்டும் சிநேகம் கொள்வது எனக்கு வருத்தம் தருகிறது. உயிர்களை அவற்றின் ஆற்றலால் வகுத்துப் பார்ப்பது நமக்குப் புதிதுமன்று. தொட்டு அறிவது முதல் மனத்தால் அறிவது வரையில் ஓரறிவுயிர், ஈரறிவுயிர் என்று ஆறு படிகளாக வகுத்துச் சொன்ன தொல்காப்பியத்து மரபியலைப் பெற்றிருக்கும் ஒரு சமூகத்தில், எந்தப் பிராணியால் என்ன முடியும் என்ற கேள்வி ஆரம்பப் பள்ளியில் அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாறுக்கு வந்து, யுத்த காலத்தில் கோடைக்கானலிலும் தங்கிக் குழந்தைகளோடு பழகியபோது, சுற்றியிருந்த மலையின் செடிகொடிகளையும் பிராணிகளையுமே பாடமாக்கிக்கொண்டார் என்பதையும் இங்கே நினைக்கலாம்.

'முடியாது' என்பதற்கு வருகிறேன். இந்தப் பாடத்தின் சாரம் அங்கேதான் இருக்கிறது என்பது என் நம்பிக்கை. முள்ளம்பன்றி தன் முட்களை அம்புபோல எய்யும் என்று பெரியவர்களிலும் பலர் நம்புகிறார்கள்; அதனால் எய்ய முடியாது, முள் எளிதில் கழன்று எதிரியின் உடலில் தைத்துக்கொள்வதே உண்மை. பச்சைப் பாம்பு கண்ணைத் தேடிக் கொத்தும் என்று சொல்லிச் சொல்லியே அதற்குக் கண்கொத்திப் பாம்பு என்று பெயர் வைத்து, கண்ட இடத்தில் அடித்துக் கொல்கிறோம். மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலை என்று கதை கட்டி, அந்தக் கதையின் காரணமாகவே அதைத் திருட்டுத்தனமாகப் பிடித்து விற்கும் கூட்டமும் இருக்கிறது. வாலும் மழுங்கலாக இருப்பதால் வந்த மயக்கம் அது. இரண்டு பக்கமும் பார்க்க அந்தப் பாம்பால் முடியாது. இப்படிப்பட்ட ஒவ்வொரு நம்பிக்கையையும் ஒரு கேள்வியாக்கிக் கரும்பலகையில் எழுதி, குழந்தைகளை இரு கட்சியாகப் பிரித்து வாதிக்கவிட்டால், 'நோ, இட் கேனாட்' என்ற மூன்று சொற்கள் எத்தனை உற்சாகத்தோடு வெளிவரும்! ஒரு பொய்யை மறுப்பதற்காக ஆங்கிலத்தில் வாயைத் திறந்த குழந்தைக்கு அதற்கு அப்புறம் அந்தப் பாஷையிடம் பயம் இருக்காது.

பாம்பைப் பற்றிப் பேசும்போது, செங்கற்பட்டுப் பக்கத்தில் உள்ள இருளர் குடியிருப்புகளின் நினைவு வருகிறது. 1978 முதல் பாம்பு பிடித்து விஷம் எடுத்துக் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அந்த மக்கள் நடத்திவருகிறார்கள்; விஷமுறிவு மருந்து தயாரிக்க அந்த விஷம் தேசத்துக்கே பயன்படுகிறது. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. அந்த ஜனங்களின் குழந்தை ஒன்று வகுப்பில் பின்வரிசையில் மௌனமாக உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஆப்பிள்' என்றும் 'அம்ப்ரெல்லா' என்றும் பாடம் நடக்கும்வரை அந்தக் குழந்தைக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பாம்பு மரம் ஏறுமா, நீந்துமா, மண்ணைத் தோண்டுமா என்று ஆசிரியை கேட்கத் தொடங்கினால், அந்த வகுப்பில் நிச்சயமாக விடை சொல்லக்கூடிய ஒரே ஆள் அதுதான். ஆசிரியையும் அதனிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டியவர். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் வசிக்கும் குழந்தைகளின் நிலையும் இதுவே. இரவில் யானை வந்து ரேஷன் கடையின் கதவையும் சத்துணவுக் கூடத்தின் சுவரையும் உடைத்து அரிசி தின்றுவிட்டுப் போவதை அறிந்தவர்கள் அவர்கள். யானை நடமாட்டத்தைச் செல்பேசிக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் அறிவிக்கும் ஏற்பாட்டை நம்பி வீடு திரும்புகிறவர்களுடைய பிள்ளைகள். தொப்பி வைத்துக்கொண்டு பந்து விளையாடும் யானைப் படத்தைக் காட்டி அவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது அவர்களுடைய அனுபவத்தை அவமதிப்பதாகும். 'டீச்சர், ஆனை செவுத்தையே ஒடைக்கும்' என்று அந்தக் குழந்தை சொன்னால், அதை அப்படியே ஆங்கிலமாக்கிக் கரும்பலகையில் எழுதுவதுதான் பாடம்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். கரடி சைக்கிள் ஓட்டும், சிங்கம் நெருப்பு வளையத்தில் பாயும் என்றெல்லாம் சில படப் புத்தகங்களில் இன்னும் காண்கிறோம். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டுவதை 1998லேயே இந்திய அரசு தடை செய்துவிட்டது. அடித்தும் பட்டினி போட்டும் வருவித்த அசைவு அந்த விலங்கின் ஆற்றல் ஆகாது. அதை ஆற்றல் என்று குழந்தைக்குக் கற்பிப்பது பொய்யும் ஆகும், கொடுமைக்குத் துணைபோவதும் ஆகும். கரடியின் உண்மையான திறமைகள் குறைந்தவையா? மரம் ஏறும், கறையான் புற்றைப் பெயர்க்கும், மண் புகாதபடி மூக்குத் துவாரங்களை மூடிக்கொண்டு, முன்பல் இல்லாத இடைவெளி வழியே கறையானை உறிஞ்சி எடுக்கும். இதைக் காட்டிலும் சைக்கிள் சுவாரசியமானதா?

மிருகங்களை வைத்து இந்த வினையைக் கற்பிப்பதில் இன்னும் ஒரு நன்மை உண்டு. அதை யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. 'கேன்' என்பதைக் குழந்தைகளின் உடலை வைத்தே கற்பிக்கும்போது, 'கேன் யூ ரன்? கேன் யூ ஜம்ப்?' என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகும் ஆசிரியையின் கேள்வி, காலில் பலமில்லாத குழந்தையிடமோ, திக்கிப் பேசும் குழந்தையிடமோ, கண்பார்வை மங்கிய குழந்தையிடமோ வந்து நிற்கிற கணம் ஒன்று இருக்கிறது. வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கும். அந்தக் குழந்தை ஆங்கிலத்தில் கற்றுக்கொள்ளும் முதல் மறுப்பு தன்னைப் பற்றியதாக இருந்துவிடுகிறது. யானையால் குதிக்க முடியாது, ஆந்தையால் கண்ணைச் சுழற்ற முடியாது, தேவாங்கால் தாவ முடியாது என்று தொடங்கிய வகுப்பில் இந்த அபாயம் இல்லை. ஒவ்வொரு ஜீவனும் சிலவற்றைச் செய்யும், சிலவற்றைச் செய்யாது என்பது அங்கே சாதாரணச் செய்தியாகிவிடுவதால், பிறகு என்றேனும் அந்தக் குழந்தையே முன்வந்து தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பினாலும் தலைகுனியாமல் சொல்லலாம்.

இதற்கு ஆட்சேபங்கள் எழும். முதலாவது, ஆசிரியர்களுக்கு விலங்குகளைப் பற்றி இவ்வளவு விவரம் தெரியாது என்பது. வாஸ்தவம்தான், ஆனால் தெரியாத கேள்வியைப் பலகையின் ஓரத்தில் எழுதிவைத்து, நாளை விசாரித்துக்கொண்டு வருவோம் என்று சொல்லும் ஆசிரியரை எந்தக் குழந்தையும் குறைவாக மதித்ததாக நான் கண்டதில்லை. 1 முதல் 3ஆம் வகுப்பு வரையில் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அடிப்படைத் திறன் வரவேண்டும் என்று 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின்கீழ் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கையேடும் தரப்படுகின்றன. அந்தக் கையேடுகளோடு, மாவட்டத்துக்கு ஒன்றாக, அந்தந்த மாவட்டக் காடுகளிலும் நீர்நிலைகளிலும் உள்ள விலங்குகளைப் பற்றி, வனத்துறையினர் சரிபார்த்த சிறு பிரசுரம் ஒன்று சேர்க்கப்படுமானால் போதும். நீலகிரிக்கு வரையாடும் கரடியும், ராமநாதபுரத்துக்குக் கடற்பசுவும் ஆமையும், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சாம்பல் நிற மலை அணிலும், வேடந்தாங்கலுக்குக் கூழைக்கடாவும் என்று அமையட்டும். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

இரண்டாவது ஆட்சேபம் பெற்றோருடையது. பிள்ளை சீக்கிரம் ஆங்கிலத்தில் பேசவேண்டும், இப்படி மிருகக் கதைகளில் காலம் போக்குவதா என்று அவர்கள் கேட்பார்கள். அவர்களுடைய ஆவலை நான் மதிக்கிறேன். கூலி வேலை செய்து கட்டணம் கட்டுகிறவர்களின் அவசரத்தைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. அவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே: ஒப்பித்த ஐம்பது வாக்கியங்களில் ஒன்றைக்கூட மாற்றிச் சொல்ல அறியாத குழந்தையைக் காட்டிலும், 'கேன்' என்ற ஒன்றை வைத்துக்கொண்டு தானாக ஐந்து கேள்வி கேட்கும் குழந்தை ஆங்கிலத்தில் அதிக தூரம் வந்துவிட்டது.

மூன்றாவது, பரீட்சை. கோடிட்ட இடத்தை நிரப்புக என்னும் வினாவுக்கு 'கேன்' என்று நிரப்பிவிட்டால் முழு மதிப்பெண். 'எலிஃபண்ட் கேன் ஜம்ப்' என்று எழுதினாலும் இலக்கணப்படி சரியென்று குறியிடுகிற திருத்துமுறை இருக்கும்வரை நான் இதுவரை சொன்னதெல்லாம் வீண். இந்த வயதில் எழுத்துப் பரீட்சையே வேண்டாம். வாய்மொழியாக ஒரு விலங்கின் பெயரைச் சொல்லி, அதனால் ஆகக்கூடியது ஒன்றையும் ஆகாதது ஒன்றையும் குழந்தை சொல்லட்டும். உண்மைக்கும் வாக்கிய அமைப்புக்கும் சமமாக மதிப்பிடலாம். விடை தவறானால், ஏன் அப்படி நினைத்தாய் என்று தமிழிலேயே கேட்கலாம்; அந்தப் பதிலிலிருந்து அடுத்த பாடம் கிடைக்கும்.

சென்னையில் 1855இல் ஏற்பட்ட மிருகக்காட்சிசாலை 1985இல் வண்டலூருக்கு இடம்மாறி, இன்று அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக 602 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கிறது. ஆண்டுதோறும் பள்ளிகளிலிருந்து பஸ் பஸ்ஸாகக் குழந்தைகள் அங்கே அழைத்துச் செல்லப்படுகிறார்கள். வரிசையில் நடந்து, ஒவ்வொரு கூண்டின் முன்னும் சிறிது நின்று, பொட்டலத்தை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அடுத்த முறை போகும்போது ஒவ்வொரு குழந்தையின் கையிலும் ஒரே ஒரு கேள்வி எழுதிய சீட்டு இருக்கட்டும். அந்தக் கேள்வியை அந்தக் குழந்தையே வகுப்பில் தேர்ந்தெடுத்திருக்கட்டும். முதலை நாக்கை நீட்டுமா, நீர்யானை தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் மூச்சடக்கும், ஆந்தை தலையை எதுவரை திருப்பும். எல்லாக் கூண்டையும் பார்த்தே தீரவேண்டும் என்ற அவசரத்தை ஆசிரியர்கள் விட்டுவிட்டு, அந்தச் சீட்டுக்கு உரிய இடத்தில் அந்தக் குழந்தையை வேண்டுமட்டும் நிற்க அனுமதிக்க வேண்டும். பார்த்தும் விடை கிடைக்காவிட்டால் அங்குள்ள பராமரிப்பாளரிடம் கேட்கலாம். வருஷக்கணக்காக அந்த விலங்குகளோடு பழகியவர்கள் அவர்கள், கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். தமிழில் கேட்டு வந்த அந்த விடையை மறுநாள் ஆங்கிலத்தில் எழுதி வகுப்புச் சுவரில், பழைய படம் மாட்டியிருந்த ஆணியிலேயே, மாட்டிவிடலாம்.